சைக்கிளுக்கு எண் தகடு அவசியமா?

சந்தை கலைந்து அந்தி மயங்கும் வேளையில், தலையில் கூடையுடன் வீடு திரும்பும் ஒரு மூதாட்டியின் மீது, விளக்கில்லாத சைக்கிள் ஒன்று மோதிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளில் வந்தவன் கீழே விழாமல் சமாளித்துக்கொண்டு இருளில் மறைந்துவிடுகிறான். மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்துபோகிறது. வைத்தியச் செலவிற்காக அவள் மகன் கடன் வாங்குகிறான். வந்தவன் இன்னான் என்று யாருக்கும் தெரியவில்லை. இத்தகைய சமயத்தில், "மோட்டார் வண்டிக்கு இருப்பதுபோல் சைக்கிளுக்கும் ஓர் எண் தகடு இருந்திருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாமே" என்று ஊரார் சொல்வது இயல்பே. அவ்வாறு சொல்வோரின் மனக்குறை நியாயமானது. ஆயினும் அவர்கள் கேட்கும் பரிகாரம் அக்குறையைத் தீர்க்குமா என்பது தனியே ஆராயத்தக்கது.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் வண்டிகளின் பதிவைப் பற்றிக் கூறுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமாகும். அது இயந்திர சக்தியால் ஓடும் வண்டிகளைப் பற்றியது. காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அதில் அடங்காது. மின்சார மோட்டார் பொருத்திய சைக்கிள்களிலும், மோட்டாரின் சக்தி 250 வாட்டிற்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்து, வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டவை விதிகளால் விலக்கப்பட்டுள்ளன. ஆகவே இவற்றுக்கு எண் தகடு தேவையில்லை.

இதிலிருந்து, சைக்கிள் ஓட்டுபவன் எந்தச் சட்டத்திற்கும் கட்டுப்பட்டவனல்லன் என்று எண்ணுவது தவறு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அஜாக்கிரதையாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. பழைய இந்தியன் பீனல் கோடின் 279-ஆம் பிரிவும் இதையே கூறிற்று. 'எந்த வாகனம்' என்னும் சொற்களில் சைக்கிளும் அடங்கும். எனவே பொறுப்பு என்பது சட்டத்தில் முன்னமே இருக்கிறது. ஆளைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக உள்ளது.

தகடு எதைக் கூறும், எதைக் கூறாது

எண் தகடு கூறக்கூடியது ஒன்றே: இச்சைக்கிள் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்பது. அதை அச்சமயம் ஓட்டியவர் யார் என்பதை அது கூறாது. மோட்டார் வண்டியிலும் இக்குறை உண்டெனினும், சைக்கிளில் இது பன்மடங்கு அதிகம். ஒரு வீட்டுச் சைக்கிளைக் காலையில் தகப்பனார் பால் கொண்டுபோக எடுக்கிறார். பிற்பகலில் மகன் கடைக்கு எடுத்துச் செல்கிறான். மாலையில் அடுத்த வீட்டார் இரவல் வாங்குகிறார். பழைய சைக்கிள்கள் யாதொரு பத்திரமுமின்றிக் கைமாறுகின்றன. பெயர் மாற்றப்படாத பதிவு, குற்றமற்ற பழைய சொந்தக்காரனையே போலீஸ் நிலையத்திற்கு இழுக்கும்.

தகட்டைப் படிப்பதும் எளிதன்று. மோட்டார் சைக்கிளின் பின்புறத் தகடு 200 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. சைக்கிளில் இவ்வளவு பெரிய தகட்டைப் பொருத்தப் பின் மட்கார்டைத் தவிர வேறு தகுந்த இடமில்லை. அங்கே பொருத்தினாலும், காரியரில் வைத்த புல்லுக்கட்டோ பால் கேனோ அதை மறைத்துவிடும். மூதாட்டியின் மீது மோதிய சைக்கிளுக்கு விளக்கே இல்லாதபோது, அதன் எண்ணை இருளில் படித்தவர் யார்?

ஆபத்தின் அளவையும் கருதவேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ எடையுடன் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதையும், ஆளும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து 200 கிலோ எடையுடன் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், பின்னதன் இயக்க சக்தி முன்னதைப்போல் ஏறக்குறைய 28 மடங்காகிறது. இரண்டிற்கும் ஒரே விதமான கட்டுப்பாட்டைக் கோருவது பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிற தேசங்களின் அநுபவம்

இந்த யோசனை புதியதன்று. கனடா தேசத்தின் டொரொன்டோ நகரம் 1935 முதல் 1957 வரை சைக்கிள்களுக்கு லைசென்ஸ் முறையை நடத்திற்று. சிறு பிள்ளைகள் தாம் அறியாமலேயே சட்டத்தை மீறியவர்களாவதும், அதனால் பிள்ளைகளுக்கும் போலீஸாருக்கும் இடையே மனக்கசப்பு உண்டாவதும் கண்டு, நகரசபை அதை ரத்துச் செய்தது. பிற்காலத்தில் இந்த யோசனை பலமுறை மறுபடியும் ஆராயப்பட்டபோதும் ஏற்கப்படவில்லை.

நெதர்லாந்தில் 1924-ஆம் ஆண்டில் சைக்கிள் வரி விதிக்கப்பட்டு, அதைச் செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு சிறு உலோகத் தகடு வழங்கப்பட்டது. ஆரம்பத்தில் அதன் விலை 3 கில்டர். வேலையற்ற ஏழைகளுக்குத் தகடு இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு துளை இடப்பட்டிருந்தது. துளையைக் கண்டவர்கள், சைக்கிளில் வருபவர் தர்மத்தகடு பெற்றவர் என்று அறிந்துகொள்வர். இது பலருக்கு அவமானமாயிருந்தது. 1941-இல் இவ்வரி ஒழிந்தது. தகடு அங்கே வரி ரசீதாக உதவிற்றேயன்றி, ஒழுங்காக ஓட்டுவதற்கு உதவவில்லை.

ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் பதிவு செய்வது கடமையாகும். சட்டத்தில் ஒட்டப்படும் சிறு வில்லையில் எண் இருக்கும். தூரத்திலிருந்து அதைப் படிக்க இயலாது. படிக்கவேண்டும் என்பது அதன் நோக்கமுமன்று. திருடுபோன சைக்கிளை உரியவரிடம் சேர்ப்பதற்காகவே அது ஏற்பட்டது. ஒழுங்கீனமாக ஓட்டுவோரைத் திருத்த அந்தச் சர்க்கார் வேறு வழியை நாடினர். 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள்காரர்களைச் சாலையிலேயே நிறுத்தி அபராதச் சீட்டு வழங்குவதற்கு 2024-இல் சட்டத் திருத்தம் நிறைவேற்றி, 2026 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வரும்படி வகுத்தனர். எண் எவ்வாறிருப்பினும், ஆளை நேரில் நிறுத்துவதே பயன் தரும் என்பதை இது காட்டுகிறது.

யாவற்றினும் கவனிக்கத்தக்கது ஸ்விட்ஸர்லாந்தின் முறை. அங்கே சைக்கிள்களுக்கு முதலில் உலோகத் தகடும், பின்னர் ஒட்டும் வில்லையும் கட்டாயமாயிருந்தன. அவை இன்ஷூரன்ஸ் கட்டணம் செலுத்தியதற்கு அத்தாட்சியாகும். சைக்கிளால் ஒருவருக்குக் காயமோ நஷ்டமோ நேர்ந்தால், அந்த இன்ஷூரன்ஸிலிருந்து நஷ்டஈடு கிடைத்தது. பெரும்பாலான குடும்பங்கள் தாமாகவே பொறுப்பு இன்ஷூரன்ஸ் செய்துகொண்டுவிட்டபடியால், 2012-ஆம் ஆண்டு ஆரம்பத்தில் அம்முறை கைவிடப்பட்டது. அடிபட்டவருக்கு உதவியது தகடன்று, அதன் பின்னால் இருந்த பொதுப்பணமே என்பது இங்கு விளங்குகிறது.

தமிழ்நாட்டின் பழைய வில்லை

தமிழ்நாட்டிலும் முன்னாளில் நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி உலோக வில்லை வழங்கிவந்தன. வில்லையில்லாத சைக்கிள்கள் வழியில் நிறுத்தப்பட்டன. முதியவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். வில்லை இருந்ததனால் எவரும் மெதுவாக ஓட்டினர் என்று சொல்வதற்கில்லை. காலப்போக்கில் அது மறைந்தது.

அம்முறையைப் புதுப்பித்தால் பாரம் யார் தலையில் விழும்? பாற்காரர், கூலிக்குச் செல்பவர், பள்ளி மாணவர் ஆகியோர் தலையிலேயே விழும். 2001-2002-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கப்பட்டுப் பின்னர் ஏனைய மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட அரசாங்க இலவசச் சைக்கிள் திட்டத்தினால் சைக்கிள் பெற்ற பிள்ளைகள் ஏராளம். ஒரு கையால் சர்க்கார் இலவசமாகக் கொடுத்ததை, மறு கையால் கட்டணம், அபராதம் என்று தடை செய்வது முறையாகாது. மேலும், 300 சைக்கிள்கள் உள்ள ஒரு கிராமத்தில் பதிவு, பெயர் மாற்றம், தொலைந்த தகட்டிற்கு மாற்று, பழுதடைந்தவற்றின் நீக்கம் ஆகியவற்றை எழுதிவர ஒரு குமாஸ்தா வேண்டும். வசூலாகும் சொற்பக் கட்டணம் அவர் சம்பளத்திற்கே போதாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தகடு வேண்டாமென்றால் மூதாட்டியின் கதி என்ன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை காண்பது அங்கத்தினர்களின் கையில் பெரும்பாலும் உள்ளது.

முதலாவது, விளக்கு, மணி, பிரேக் ஆகிய மூன்றும் செவ்வையாயிருக்கச் செய்தல். சைக்கிளின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பு வில்லையும், முன்புறத்தில் விளக்கும் பொருத்த ஆகும் செலவு சிறிது. சங்கம் இவற்றை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்கு அடக்க விலையில் கொடுத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதைவிட மலிவாகும்.

இரண்டாவது, ஒவ்வொரு சைக்கிளின் சட்டத்திலும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது ஆசனத்தின் கீழுள்ள குழாயிலோ, பெடல் அச்சின் அடியிலோ காணப்படும். அங்கத்தினர்கள் அவ்வெண்ணை வாங்கிய ரசீதில் குறித்து வைத்துக்கொள்வதுடன், சங்கத்தின் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் விருப்பப்படி பதிந்துகொள்ளலாம். திருட்டுப் போனால் போலீஸாரிடம் பிராது கொடுப்பதற்கு இதுவே தக்க ஆதாரம். விற்கும்போது இரண்டு வரியில் கைச்சீட்டு எழுதி வாங்குவதும் நலம்.

மூன்றாவது, அடிபட்டவருக்கு உடனே உதவி செய்வதற்கென, சங்கத்தின் துணைவிதிகள் அநுமதிக்கும் அளவில், பொது நன்மை நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்குதல். அவ்வாறு ஒதுக்கினால், குற்றவாளி அகப்படுகிறானோ இல்லையோ, மூதாட்டியின் மகன் கந்துவட்டிக்காரனிடம் போகவேண்டியிராது.

நான்காவது, சந்தைத் தெருவிலும் பள்ளிக்கூட வாயிலிலும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்வது என்று ஊரே கூடித் தீர்மானித்தல். இத்தீர்மானத்தை மீறுபவனைக் கண்டுகொள்ள எண் தேவையில்லை. கிராமத்தில் முகமே போதும்.

நகரத்தில் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் எண்ணை நம்புகிறார்கள். கிராமத்திலோ, இடித்தவனைப் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் அறிந்தே இருப்பர். அறிந்தும் சொல்லாதிருப்பதே குறை. இடித்தவன் தானே இறங்கி வந்து தூக்கிவிடுவதும், கண்டவர் மறைக்காமல் சொல்வதும் வழக்கமாகும் ஊரில், மூதாட்டி அந்தியிலும் அச்சமின்றி வீடு திரும்புவாள்.