பயறிலிருந்து பிரியும் புரதம்

சோயா, பட்டாணி, பாசிப்பயறு போன்றவற்றின் மாவிலிருந்து எண்ணெய், மாவுச்சத்து, நார், சர்க்கரை ஆகியவற்றை விலக்கி, புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்திய வெளிர்நிறத் தூளுக்குப் புரத ஐசோலேட் என்று பெயர். ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டால் சோயா ஐசோலேட்டில் 90 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய சோயா மாவில் இருப்பது ஏறத்தாழ 50 சதவீதம்தான். நம் வீடுகளில் குழம்பிலும் பிரியாணியிலும் போடும் மீல் மேக்கர் இந்த மாவை எக்ஸ்ட்ரூடரில் அழுத்திச் செய்வது. ஐசோலேட் அதற்கு அடுத்த நிலைப் பண்டம்.

சத்துக்காக மட்டும் உணவுத் தொழிற்சாலைகள் இந்தத் தூளை வாங்குவதில்லை. முட்டை வெள்ளைக்கரு நுரைக்கிறது, சூடுபட்டால் இறுகுகிறது. பாலின் புரதம் கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து நின்று அவை பிரியாமல் காக்கிறது. இறைச்சி நீரைப் பிடித்து வைக்கிறது. இந்த வேலைகளைத் தாவரப் புரதமும் செய்ய வேண்டும். நீரில் கரைவது, நுரைப்பது, எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைப்பது, கூழாக இறுகுவது ஆகியவற்றையே உணவு அறிவியலார் புரதத்தின் செயல்திறன் என்கிறார்கள். புரதத்தைப் பிரிப்பது கடினமான வேலை அன்று. இந்தத் திறன் குலையாமல் பிரிப்பதுதான் கடினம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் பர் ஆஸ்போர்ன், விதைப் புரதங்களைக் கரையும் தன்மையை வைத்து நான்காக வகுத்தார். நீரில் கரைபவை ஆல்புமின்கள். உப்புநீரில் கரைபவை குளோபுலின்கள். நீர் கலந்த ஆல்கஹாலில் கரைபவை புரோலமின்கள். நீர்த்த காரத்திலோ அமிலத்திலோ மட்டும் கரைபவை குளுட்டெலின்கள். பயறுகளில் பெரும்பகுதி குளோபுலின். முளைக்கும் செடிக்காக விதை சேர்த்து வைத்திருக்கும் நைட்ரஜன் இருப்பு அது. சோயாவில் கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்றும், பட்டாணியில் லெகுமின், விசிலின் என்றும் அவற்றுக்குப் பெயர்.

இவற்றைப் பிரிக்க உதவுவது மின்னேற்றம். காரம் சேர்ந்த நீரில் புரத மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கரைந்து நிற்கும். அமிலம் சேரச் சேர அந்த மின்னேற்றம் குறையும். பி.எச். எனும் அமில-கார அளவு 4.5 வாக்கில் வரும்போது, நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் சமமாகி, விலகி நிற்கக் காரணம் இல்லாமல் போய், மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். இதுவே சமமின் புள்ளி. எலுமிச்சைச்சாறு விட்டதும் பால் திரிந்து பன்னீர் திரளுவதற்கும் பெருமளவு இதுவே காரணம்.

தொழிற்சாலை முறை இந்தப் பண்பின் மேல் நிற்கிறது. தோல் நீக்கிய சோயாவை அவலாக நசுக்கி, ஹெக்சேன் கொண்டு எண்ணெயை எடுக்கிறார்கள். அந்த அவலைப் பத்து மடங்குக்கும் மேலான நீரில் கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். அளவை 8, 9 வாக்கில் வைக்கும்போது புரதம் கரைகிறது. சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் நாரை வெளியேற்றுகிறது. தெளிந்த கரைசலில் அமிலம் சேர்த்து 4.5க்கு இறக்கினால் புரதம் கட்டியாகப் படிகிறது. அதைக் கழுவி, மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்தினால் ஐசோலேட். நூறு கிலோ அவலில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ தேறும். வாயுத் தொல்லை தரும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் கழிவுநீரோடு போய்விடுகின்றன.

படிகள் எளிமையாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றிலும் புரதம் கெட வழி இருக்கிறது. எண்ணெய் எடுத்தபின் ஹெக்சேனை விரட்ட நீராவியில் நெடுநேரம் வறுத்தால் புரதம் உருக்குலைந்து, பிறகு கரையாது. மாட்டுத் தீவனத்துக்கு அது போதும், ஐசோலேட்டுக்கு உதவாது. காரம் மிகுந்து சூடும் சேர்ந்தால் லைசின் என்ற தேவையான அமினோ அமிலம் லைசினோஅலனைனாக மாறிச் சத்து குறையும். சூரியகாந்திப் புண்ணாக்கில் குளோரோஜெனிக் அமிலம் இருப்பதால் காரம் பட்டதும் கரைசல் பச்சையாகிறது. சோயாவின் பச்சை வாடைக்கு, லைபாக்சிஜனேஸ் நொதி கொழுப்பை ஆக்சிஜனேற்றுவதால் உண்டாகும் ஹெக்சனல் முக்கியக் காரணம். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினாலும் அந்த வாடை தூளில் ஒட்டிக்கொள்ளும்.

பிரிக்கும் முறையைப் பொறுத்தே புரதத்தின் தரம் அமையும் என்பதற்கு உருளைக்கிழங்கு நல்ல சான்று. ஸ்டார்ச் ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சாற்றில் படாட்டின் என்ற அருமையான புரதம் இருக்கிறது. சாற்றைக் கொதிக்கவிட்டு அமிலம் சேர்த்துத் திரட்டினால் கிடைப்பது கரையாத தூள். அது தீவனத்துக்குத்தான் போகிறது. அதே சாற்றிலிருந்து, சூடேற்றாமல், புரதத்தைப் பற்றி வைக்கும் பிசின் துகள்களின் வழியாகப் பிரித்தெடுத்தால், நன்றாக நுரைத்து இறுகும் உணவுப் புரதம் கிடைக்கிறது. நெதர்லாந்தில் இது வணிக அளவில் நடக்கிறது. இரண்டிலும் புரதத்தின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மதிப்பில்தான் மலையளவு வேறுபாடு.

அமிலத்தால் திரட்டாமல், நுண்துளைச் சவ்வு வழியே நீரையும் சர்க்கரையையும் வடித்துப் புரதத்தை நிறுத்தி வைப்பது இன்னொரு வழி. செலவு கூடினாலும் கரைதிறன் நன்றாக இருக்கும். நீரே இல்லாத வழியும் உண்டு: பட்டாணியை மிக நுண்மையாக அரைத்துக் காற்றில் சுழற்றினால் கனத்த ஸ்டார்ச் மணிகள் ஒருபுறமும் சிறிய புரதத் துகள்கள் மறுபுறமும் ஒதுங்கும். புரதம் 50, 60 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஆனால் ரசாயனமும் இல்லை, கழிவுநீரும் இல்லை. 90 சதவீதம் தேவைப்படாத உணவுகளுக்கு இதுவே அறிவான தேர்வு.

சோயா ஐசோலேட் தொழிலாக எழுந்ததில் வேதியியலாளர் பெர்சி ஜூலியனுக்குப் பெரும் பங்குண்டு. 1936இல் சிகாகோவின் கிளிடன் நிறுவனத்தில் சேர்ந்த அவர் எடுத்த புரதம், முதலில் காகிதத்துக்குப் பூச்சாகப் பயன்பட்டது; இரண்டாம் உலகப் போரில் தீயணைக்கும் நுரைக்கும் அதுவே மூலப்பொருள். உண்ணத்தக்க ஐசோலேட் 1950களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நிலக்கடலைப் புரதத்தைப் பிரித்து, எருமைப்பாலோடு சேர்த்து மில்டோன் என்ற பானத்தை உருவாக்கியது. பால் பற்றாக்குறை மிகுந்த காலத்தில் எடுக்கப்பட்ட அந்த முயற்சி இன்னும் பரவலாக நினைக்கப்பட வேண்டியது. அண்மைக் காலத்தில் பாசிப்பயறு ஐசோலேட்டைக் கொண்டு, வாணலியில் முட்டை போலவே இறுகும் திரவம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருக்கிறது.

பயறுப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஐசோலேட்டாக்கினாலும் அந்தக் குறை நீங்காது. அரிசி, கோதுமை போன்ற தானியம் சேர்ந்தால் ஈடாகும். பருப்பில் இருந்த நாரும் இதில் இல்லை. எனவே அன்றாடச் சாப்பாட்டில் பருப்புக்கு மாற்றாக ஐசோலேட்டைக் கருதத் தேவையில்லை. பால் ஒவ்வாதவர்களுக்கும், அதிகம் சாப்பிட முடியாமல் கூடுதல் புரதம் தேவைப்படுவோருக்கும் அது உண்மையாகவே உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒவ்வாமையை உண்டாக்குவதும் புரதமே என்பதால், சோயாவோ கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் பானத்தூள், பிஸ்கட், சாசேஜ் எதை வாங்கினாலும் உறையில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.