சொத்தைப் பல்: அடைப்பதா, கேப் போடுவதா, பிடுங்குவதா?

கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து மருத்துவரிடம் போனால், அடைத்தால் போதும் என்பார் ஒருவர். ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்பார் இன்னொருவர். பிடுங்கிப் போட்டால் தொல்லை விட்டது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இவற்றில் எது சரி என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: சொத்தை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நல்ல பல் எவ்வளவு மிச்சமிருக்கிறது.

எலும்பு முறிந்தால் கூடும். பல்லின் மேலுள்ள எனாமல் போனால் போனதுதான், மறுபடி வளராது. ஒவ்வொரு சிகிச்சையும் கொஞ்சம் நல்ல பல்லையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, மிச்சமிருக்கும் பல்லைக் காப்பாற்றும் வழிகளில் குறைவாகச் செதுக்கும் வழியே நல்ல வழி.

ஆழத்தை எக்ஸ்ரே காட்டும். வலியும் ஓரளவு சொல்லும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசி, சில விநாடிகளில் அடங்கிவிட்டால் உள்ளிருக்கும் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும், அடைத்தால் போதும். சூடு பட்டதும் வலி எடுத்து நெடுநேரம் நிற்பது, ராத்திரி தூக்கத்தில் தானாகவே தெறிப்பது போன்றவை நரம்பு கெட்டுவிட்டதன் அறிகுறிகள். பல்லைக் காப்பாற்ற அந்த நரம்பை எடுக்கும் ரூட் கெனால் தேவைப்படும். அந்த வலி சில நாளில் சட்டென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நரம்பு செத்துப்போய், சீழ் வேரின் நுனியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கலாம்.

அடைப்பில் இன்று அதிகம் பயன்படுவது பல் நிறத்திலுள்ள காம்போசிட். நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். பல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதிகம் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் ஒட்டும்போது எச்சில் படவே கூடாது. ஈறுக்கு அடியில் ஈரம் கசியும் இடமென்றால் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் தோதானது. அது ஃபுளோரைடையும் கசியவிடும், ஆனால் கடிக்கும் பரப்பில் சீக்கிரம் தேயும். பழைய வெள்ளி அடைப்பு நெடுங்காலம் உழைக்கக்கூடியது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்பதால் உலக அளவில் அதைக் குறைத்து வருகிறார்கள். 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அதை வைப்பதைத் தவிர்க்க, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2022இல் முடிவு செய்தன. அதற்காக, வாயில் நல்ல நிலையில் இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும்.

குழி பெரிதாகி, சுற்றுச்சுவர் மெலிந்த பிறகு கதை வேறு. மெல்லிய சுவர்களுக்கு நடுவே பெரிய அடைப்பை வைத்து நாள்தோறும் கடித்தால், விறகில் ஆப்பு இறங்குவதுபோல் பல் ஒருநாள் பிளக்கும். பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அந்தச் சுவர்களை மேலே மூடிப் பிடிப்பதுதான் கேப்பின் வேலை. ஆனால் முழுக் கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் போய்விடுவதுண்டு. மெலிந்த முனைகளை மட்டும் மூடும் ஆன்லே என்றொன்று இருக்கிறது. சில பக்கச் சுவர்கள் உறுதியாக இருந்தால், முழுக் கேப்புக்குச் சம்மதிக்கும் முன் ஆன்லே போதுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்கு மேல்மூடி பெரும்பாலும் தேவை. வலி போய்விட்டது, கேப்புக்குப் பணம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுப் பல் உடைந்து வருவோர் நிறைய. முன்பல்லில் கடிக்கும் பாரம் குறைவு. சேதமும் சிறிதென்றால் அடைப்பே போதும்.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ஈறுக்கு மேல் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்காவது நல்ல பல் இருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும். அதுவும் இல்லாத பல்லில் கம்பி வைத்துக் கட்டி, கேப் போட்டு, சீக்கிரமே அதை இழப்பதைவிட முதலிலேயே எடுத்துவிடுவது நேர்மையான யோசனை. ஞானப்பல் என்றால் அவ்வளவு யோசிக்கவும் தேவையில்லை.

மற்றப் பல்லை எடுத்து இடத்தைக் காலியாக விட்டால், பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பல் நீண்டு வரலாம். அந்தக் காலியிடத்தை நிரப்பும் பிரிட்ஜ் கட்ட இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்க வேண்டும். அவை சொத்தையில்லாத பற்கள் என்றால் எனக்கு மனம் ஒப்பாது. இம்பிளாண்ட் அவற்றைத் தொடுவதில்லை. டைட்டானியம் திருகு தாடை எலும்போடு பிணைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், செலவும் அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் அதைக் கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் பல்லைப் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். செலவுதான் தடையென்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள். கூடுதல் நேரம் ஆகும், கட்டணம் பெரும்பாலும் குறைவு.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆறு வயதையொட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே வாயின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அதைப் பால்பல் என்று நினைத்து, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் உள்ள பல். அதில் கறுப்புக் கோடு தெரிந்தால் உடனே காட்டுங்கள், அப்போது சின்ன அடைப்பே போதுமானதாக இருக்கலாம்.

கேப் போட்ட பல்லுக்கும் சொத்தை வரும். கேப் முடிகிற ஈறோர விளிம்பில்தான் அது தொடங்கும். நரம்பு எடுத்த பல் கூசிக் காட்டிக்கொடுக்காது என்பதால், அந்த விளிம்பை அன்றாடம் துலக்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.