கேட் மட்டும் 80 அடி!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. முதல் பாதியில் மாட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்கார துரையின் கதை இது.

பெயர் ஹென்றி மார்னி. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ராஜாவுக்கு மெய்க்காவல் படைத் தலைவர். வயசு அறுபதைத் தாண்டியபின், 1520 வாக்கில் ஆசை வந்தது. எஸ்ஸெக்ஸில், கோல்செஸ்டர் பக்கம் லேயர் மார்னி என்கிற சொந்த ஊரில் ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு மாளிகை!

அந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல் கிடையாது. களிமண் உண்டு. ஆகவே செங்கல்.

மனுஷர் முதலில் எதில் கை வைத்தார் தெரியுமோ? வாசலில்! சுமார் 80 அடி உயரம். இரண்டு பக்கமும் எட்டு வரிசை ஜன்னலோடு கோபுரங்கள். டூடர் காலத்து வாசல் கோபுரங்களில் பிரிட்டனிலேயே உயரமானது இதுதான். தூரத்தில் பார்த்தால் கோட்டை. கிட்டே போனால் சுவரெல்லாம் ஜன்னல். எதிரி வந்தால் கோவிந்தா! எல்லாம் பந்தாதான் ஸார்.

ஆனால் வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சிவப்புச் சுவரில் கருநீலத்தில் டைமண்ட் டிசைன் ஓடுகிறது. பெயிண்ட் இல்லை. சூளையில் நெருப்புக்கு ரொம்பக் கிட்டே இருந்து முனை கறுத்துப்போன செங்கல்கள். அவற்றைக் கணக்காக அடுக்கிக் கோலம் போட்டுவிட்டார்கள் கொத்தனார்கள். உச்சியில் சுட்ட மண்ணில் சிப்பிகள், டால்பின்கள். அன்றைய லேட்டஸ்ட் இத்தாலி ஃபேஷன்!

1523-ல் துரை காலமானார். மகன் ஜான் வேலையைத் தொடர்ந்தார். 1525-ல் அவரும் போய்விட்டார். ஆண் வாரிசு இல்லை. வேலை அப்படியே நின்றது. வாசலும் பக்கத்தில் சில கட்டடங்களும் மிச்சம். முற்றத்தைச் சுற்றி வரவேண்டிய மாளிகை வரவே இல்லை.

1884 ஏப்ரலில் பூகம்பம் வேறு. இங்கிலாந்தில்தான், நம்புங்கள்! பலத்த சேதம். இருந்தும் பழுது பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

பி.காம். படித்த புத்தி, 'பட்ஜெட் போடத் தெரியாத ஆள்' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தால், அவருக்குப் பணத்தில் துண்டு விழவில்லை. நாளில் விழுந்தது. அதற்கு எந்த பாங்க் லோன் தரும்?

பக்கத்து சர்ச்சில், அதே சுட்ட மண் வேலைப்பாட்டோடு துரைக்குச் சமாதி இருக்கிறது. அது மட்டும் முழுசாக முடிந்துவிட்டது.

பிற்காலத்தில் அந்த அரைகுறை மாளிகையைக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்தார்கள். ஆக, பழமொழியின் இரண்டாம் பாதியும் அங்கேயே நடந்தேறியது!