விளக்கு உண்டு, எரியவில்லை

1941ஆம் ஆண்டு பிரிட்டனின் சாலைகளில் வண்டிகள் குறைவு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். கார் வைத்திருந்தவர்கள் பலர் அதைக் கொட்டகையில் பூட்டிவிட்டு நடந்தார்கள். வண்டி குறைந்தால் விபத்தும் குறைய வேண்டும். ஆனால் அந்த ஓராண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 9,169 பேர். அந்நாட்டில் 1926இல் தொடங்கிய கணக்கில் இன்றுவரை இதை மிஞ்சிய ஆண்டு கிடையாது.

கொன்றது இருட்டு. எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியக்கூடாது என்று 1939 செப்டம்பரிலிருந்தே தெருவிளக்குகளை அணைத்துவிட்டார்கள். வண்டிகளின் முகப்பு விளக்குக்கும் மூடி போட்டார்கள். நடைபாதையின் ஓரக்கற்களிலும் சாலையோர மரங்களிலும் வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். 1940இல் ஊர்ப்பகுதிகளில் இரவு வேகத்தை மணிக்கு 20 மைலாகக் குறைத்தார்கள். அப்படியும் சாவு ஓயவில்லை.

இறந்த ஒவ்வொருவரின் வீட்டிலும் அது தனிச் சாவு. பெரியவர் பார்க்காமல் தெருவைக் கடந்தார், ஓட்டுநர் கவனிக்கவில்லை, விதி முடிந்தது என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாவுகளை எல்லாம் ஒரே தாளில் வரிசையாக எழுதி, எந்த நேரம், எந்த வெளிச்சம் என்று பார்க்கும்போதுதான் பொதுவான காரணம் தலைகாட்டும். ஒற்றை விபத்து தன் காரணத்தை முழுதாகச் சொல்வதில்லை. ஆயிரம் விபத்துகள் சேர்ந்தால் சொல்லும்.

காவலர் நிரப்பும் படிவம்

1949 முதல் பிரிட்டனில் காயமோ மரணமோ நேர்ந்து காவல்துறைக்குத் தெரியவரும் சாலை விபத்துகளை ஒரே மாதிரியான படிவத்தில் பதிகிறார்கள். அதன் பெயர் ஸ்டாட்ஸ்-19. காவலர் எழுதும் வாக்குமூலக் கதை போன்றதல்ல இது. கேள்விகளும் எண் குறியீடுகளும் கொண்டது. சாலை காய்ந்திருந்ததா, ஈரமா, பனி உறைந்திருந்ததா? வண்டியின் எந்தப் பக்கம் முதலில் இடித்தது? சாலையை விட்டு விலகிய வண்டி எதில் மோதியது: மரத்திலா, விளக்குக் கம்பத்திலா, பேருந்து நிழற்குடையிலா? நடந்து வந்தவர் எந்தப் பக்கமிருந்து கடந்தார்? நின்றிருந்த வண்டி ஒன்று அவரை மறைத்ததா?

வெளிச்சத்தைப் பற்றிய கேள்வியில் நிற்காமல் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. இரவு என்று ஒற்றைச் சொல்லில் அது முடிவதில்லை. இருட்டு, விளக்கு எரிந்தது. இருட்டு, விளக்கு உண்டு, எரியவில்லை. இருட்டு, விளக்கே இல்லை. இப்படித் தனித்தனிக் குறியீடுகள். நடுவில் உள்ளதைப் பாருங்கள். கம்பம் நட்டாயிற்று, பல்பு போட்டாயிற்று, ஆனால் எரியவில்லை. ஒரு காவலர் அந்த எண்ணை எழுதினால், ஓட்டியவரையும் நடந்தவரையும் தாண்டி, விளக்கைப் பராமரிக்க வேண்டியவரையும் அந்தப் பதிவு குறிக்கத் தொடங்கிவிடுகிறது.

1979 முதலான இந்தப் பதிவுகளை இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். விபத்து, வண்டி, காயமடைந்தவர் என்று மூன்று அட்டவணைகள். இடத்தின் ஆயத்தொலைவுகள்கூட இருக்கும். தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசலில் பத்தாண்டுகளில் எத்தனை விபத்து, எந்த நேரத்தில், எத்தகைய வண்டியால் என்று ஒரு தாய் தானே எண்ணிப் பார்க்கலாம். நியூயார்க் நகரக் காவல்துறையின் விபத்துப் பதிவுகளும் 2012 ஜூலை முதல் இப்படியே திறந்து கிடக்கின்றன.

பெயர் வெளிவந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. இறந்தவரின் பெயரோ ஓட்டியவரின் பெயரோ வண்டியின் பதிவெண்ணோ இந்தப் பொது அட்டவணைகளில் இல்லை. விபத்துக்குக் காரணம் என்று காவலர் கருதியவற்றைக்கூட, அது அவருடைய கணிப்பு என்பதால், பிரிட்டன் பொதுக் கோப்பில் சேர்க்காமல் வைத்திருந்தது. துக்கம் குடும்பத்துக்கு உரியது, இடம் ஊருக்கு உரியது. இரண்டையும் பிரித்துவைக்க முடியும் என்பதற்கு இந்தப் பதிவுகளே சான்று.

தாயக்கட்டை சொல்லும் பாடம்

பதிவு கையில் கிடைத்தாலும் அவசரப்பட்டால் ஏமாறுவோம். தாயம் ஆடும்போது ஒருவருக்கு அடுத்தடுத்து மூன்று பன்னிரண்டு விழலாம். அதனால் கட்டையில் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடாது; இன்னும் சிறிது நேரம் ஆடினால் எண்கள் வழக்கத்துக்குத் திரும்பும். சாலையும் அப்படித்தான். ஒரு வளைவில் ஓராண்டு தற்செயலாக ஐந்து விபத்து நடந்துவிடும். பதறிப்போய் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அடுத்த ஆண்டு இரண்டாகக் குறையும். பலகைதான் காப்பாற்றியது என்று எல்லோரும் நம்புவார்கள். பலகையே வைக்காவிட்டாலும் அது இரண்டாகக் குறைந்திருக்கலாம். புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர்.

இந்த மயக்கத்திலிருந்து தப்ப ஒரே வழி, பல ஆண்டுப் பதிவையும் பல இடங்களின் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலையின் ஓரிடத்தைக் கரும்புள்ளி என்று அறிவிக்க, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்றாண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஓராண்டை மட்டும் நம்பாமல் மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதில் தாயக்கட்டையின் பாடம் இருக்கிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. 2022இல் இந்தியாவிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884. அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் பதிவான விபத்துகள் 41,746. இறந்தவர்களோ 22,595. அங்கே விபத்து நேர்ந்தால் பிழைப்பது அரிது என்று இதற்குப் பொருளா? சாவில் முடிந்த விபத்து காவல் நிலையத்துக்கு வந்தே தீரும். கை உடைந்தது, கால் பிசகியது எல்லாம் வழியிலேயே பேசி முடிந்துவிடும். எனவே ஒழுங்காக எழுதிவைக்கும் மாநிலம் ஆபத்தான மாநிலம்போலத் தெரியக்கூடும். சிறு காயங்கள் விடுபடுவது எல்லா நாட்டிலும் உள்ள குறை. சைக்கிளிலிருந்து தானே விழுந்தவர்கள் பிரிட்டனின் காவல் பதிவிலும் பெரும்பாலும் வருவதில்லை. ஸ்வீடன் காவல்துறைப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் இணைத்து அந்த ஓட்டையை அடைத்துவருகிறது.

நம் கோப்பு எங்கே?

நம் காவல் நிலையங்களில் விபத்தை முதலில் ஏற்பது முதல் தகவல் அறிக்கை. அதில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. ஓட்டுநர் எதிரியாகிறார். வளைவும் பள்ளமும் அணைந்த விளக்கும் வழக்கில் வருவதே அரிது. 2016இல் உச்ச நீதிமன்றம், வெளியிடத் தகாத நுட்பமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் அது ஒவ்வொரு வழக்காகத் திறக்கும் கதவு. இந்தத் திருப்பத்தில் இதுவரை எத்தனை என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது.

விடை சொல்லும் கருவி நம்மிடம் உருவாகிவிட்டது. சென்னை ஐஐடி வடிவமைத்த ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், காவலர் சம்பவ இடத்திலிருந்தே கைபேசியில் புகைப்படத்தோடும் இருப்பிடத்தோடும் பதிகிறார். நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, சுகாதாரத் துறை ஆகியவையும் அதில் சேர்கின்றன. துறைகளுக்கு அது உதவுகிறது. பொதுமக்கள் கைக்கு வருவதோ, பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை வெளியாகும் மொத்தக் கணக்குதான். 2022க்கு அந்தக் கணக்கு 1,68,491 மரணங்கள் என்கிறது. அந்த எண்ணைப் பார்த்து நெஞ்சு கனக்கும். நம் தெருமுனையில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைத்தவர்களோ பராமரிப்பவர்களோ உரிய தரத்தைக் காக்கத் தவறி அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. சாலையின் தவறும் தவறுதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அதை நிரூபிக்க அந்த இடத்தின் பழைய வரலாறு தேவை. அந்த வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பெயர்களை நீக்கி அதைத் திறந்துவிடுவதுதான் மிச்சம்.

பிரிட்டனில் 2023இல் சாலையில் இறந்தவர்கள் 1,624 பேர். சீட் பெல்ட்டும் நல்ல வண்டியும் நல்ல சாலையும் கடுமையான சட்டமும் சேர்ந்து செய்த வேலை அது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்க அவர்களிடம் பதிவு இருந்தது. நம் ஊர்த் திருப்பத்தில் இன்றிரவு ஒரு விளக்கு எரியாமல் நிற்கலாம். அதனடியில் முன்பு எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்தால், நாளைக் காலை நகராட்சி வாசலில் அவர்கள் ஓர் எண்ணோடு போய் நிற்பார்கள்.