இரவு மூன்று மணிக்கு வரும் கப்பல்

ஜனவரித் தொடக்கம். வட நார்வேயின் சின்னஞ்சிறு துறைமுகம் ஒன்று. இரவு மூன்று மணிக்கு நாலைந்து மாடி உயரக் கப்பல் ஒன்று விளக்குகள் எரிய மெல்லக் கரையணைகிறது. பக்கவாட்டுக் கதவு திறக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் வண்டி சரக்கை உள்ளே தள்ளி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்துவருகிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள், ஒருவர் ஏறுகிறார். கால் மணி நேரத்தில் கப்பல் போயே போய்விட்டது. மேல்தளத்து அறைகளில் சுற்றுலாப் பயணிகள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கப்பல் தடத்துக்கு ஹுர்டிக்ரூட்டன் என்று பெயர். நார்வே மொழியில் 'விரைவு வழி'. தெற்கே பெர்கன், வடகிழக்கில் ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ். இரு முனைகளையும் சேர்த்து 34 துறைமுகங்கள். போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள். சொகுசுப் பயணம் என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், இது கடலில் ஓடும் ரூட் பஸ்.

பிறந்ததும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, ட்ரோண்ட்ஹெய்மில் போட்ட கடிதம் வடகோடி ஹாமர்ஃபெஸ்டுக்குப் போய்ச்சேரக் குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். ஆண்டு முழுக்கக் கப்பல் விட யார் முன்வருவீர்கள் என்று அரசு கேட்டது. பெரிய நிறுவனங்கள் கையை விரித்தன. கரையோரம் முழுக்கப் பாறையும் தீவும். குளிர்காலத்தில் பகலிலும் இருட்டு. ட்ரோண்ட்ஹெய்முக்கு வடக்கே இருந்தவை வெறும் 28 கலங்கரை விளக்கங்கள். ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் மட்டும் 'நான் ஓட்டுகிறேன்' என்றார்.

அந்தத் தைரியத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு குறிப்பேடு. அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் போனால் எங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு பயணத்திலும் எழுதிவைத்திருந்தார்கள். மின்சாரம் போன வீட்டில் அடி எண்ணிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுகிறோமே, அதே வித்தைதான். திசைகாட்டியும் கடிகாரமும் போதும், கண் வேண்டாம். 1893 ஜூலை 2 அன்று 'வெஸ்ட்டெரோலன்' என்ற நீராவிக் கப்பல் ட்ரோண்ட்ஹெய்மை விட்டுக் கிளம்பி, 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்டைத் தொட்டது.

இந்த வித்தையில் ஓட்டை ஒன்று உண்டு. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளினால் கணக்கு தவறிவிடும். அதைப் பிடித்துக்கொடுப்பவை இந்தக் கரையோரத்தின் மூவண்ண விளக்குகள். ஒரே விளக்குதான், ஆனால் வண்ணக் கண்ணாடிகள் அதன் ஒளியைப் பாத்தி கட்டிப் பிரித்துவிடுகின்றன. வெள்ளை தெரிந்தால் சரியான வழியில் இருக்கிறோம். சிவப்போ பச்சையோ தெரிந்தால் ஒதுங்கிவிட்டோம். எந்தப் பக்கம் என்பதை நிறமே சொல்லிவிடும். ரேடாரும் ஜி.பி.எஸ்ஸும் வந்த பிறகும் இவை எரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

அதெல்லாம் சரி, கடல் உறையாதா? ஹாமர்ஃபெஸ்ட் 70 பாகை அட்சரேகையையும் தாண்டி இருக்கிறது. ஆனால் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வே கரையை உரசிக்கொண்டு வடக்கே போகிறது. அதனால் மலையெல்லாம் பனி மூடிக் கிடந்தாலும் துறைமுகம் திறந்தே இருக்கிறது.

பயணத்தின் பெரும்பகுதி தீவுகளின் மறைவில்தான். ஸ்டாட் முனை போன்ற சில இடங்களில் அந்த வேலி கிடையாது. அங்கே வயிறு தன் வேலையைக் காட்டும், மாத்திரை அவசியம். கோடையில் நுழையும் குறுகிய ட்ரோல்ஃபியோர்டுக்குள் குளிர்காலத்தில் கப்பல் போகாது. மலையிலிருந்து பனியும் கல்லும் சரியும். கப்பல்களும் மாறிவருகின்றன: 2021 முதல் இதே தடத்தில் ஓடும் ஹவிலா நிறுவனக் கப்பல்கள் பேட்டரியில் நாலு மணி நேரம் வரை சத்தமில்லாமல் போகக்கூடியவை.

டிசம்பரில் போனால், வடக்கே நண்பகலில் ஓரிரு மணி நேரம் நீல வெளிச்சம்தான் கிடைக்கும். பகலும் வேண்டும், துருவ ஒளியும் வேண்டும் என்பவர்களுக்கு மார்ச் உத்தமம். அதோடு ஒருநாள் மூன்று மணிக்கு எழுந்து, சரக்குக் கதவு திறக்கும் பக்கமாகப் போய் நின்று பாருங்கள். கால் மணி நேரம்தான். ஸ்வெட்டரைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுங்கள்.