தோற்று வரும் பிள்ளையிடம் என்ன பேசுவது?

இல்ல விளையாட்டுப் போட்டியில் ஆரம்பித்து வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம் என ஒரு பிள்ளை முன்னேறும்போது அதன் தோளில் ஏறும் சுமையும் கூடிக்கொண்டே செல்கின்றது. முதலில் இல்லத்தின் புள்ளிகள், பின்னர் பாடசாலையின் பெயர், அதன் பின் ஊரின் மானம். பதினான்கு வயதுப் பிள்ளை நூறு மீற்றர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் குனியும்போது இவை அனைத்தையும் சுமந்துகொண்டே குனிகின்றது.

அவ்வேளையில் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இயல்பானவை. அதிரினலின் எனும் ஓமோன் சுரந்து உடலை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றது. இதை அறியாத நாம் "பயப்படாதே" என்று அதட்டுகின்றோம். அச்சம் அகலுவதில்லை, அஞ்சுவதே குற்றம் என்ற இன்னுமோர் அச்சம் சேர்ந்துகொள்கின்றது. இது எல்லோருக்கும் வருவதுதான் என்று முன்கூட்டியே விளக்கி, மூச்சை மெதுவாக வெளிவிடப் பழக்குவது பயன் தரும். அதையும் போட்டி நாளன்று புதிதாகக் கற்பிக்க இயலாது. நாளாந்தப் பயிற்சியின் ஓர் அங்கமாகவே அது அமைய வேண்டும்.

உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டிக் வீராங்கனையான சிமோன் பைல்ஸ், 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் குழுநிலை இறுதிப் போட்டியில் ஒரேயொரு பாய்ச்சலுடன் விலகிக்கொண்டார். அந்தரத்தில் தமது உடல் எத்திசையில் சுழல்கின்றது என்ற உணர்வே அவருக்குத் தப்பிப்போயிருந்தது. அந்நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தே முறிந்திருக்கக்கூடும். அவரைக் கோழை என்றவர்களும் இருந்தனர். ஆனால் 2024 இல் பாரிஸில் அவர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். விலகுவதற்கு அவருக்கு இடமளிக்கப்பட்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு "இன்று என்னால் இயலவில்லை" என்று பயிற்றுநரிடம் கூறும் துணிவு உண்டு?

மைதானத்தை விடவும் வீடு திரும்பும் வழியே பல பிள்ளைகளுக்குக் கடினமானது. பேருந்திலேயே விசாரணை ஆரம்பமாகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒப்பீட்டுக்கு வந்து சேரும். தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பிள்ளை ஏற்கனவே அறியும். அந்த ஆராய்ச்சியை மறுநாள் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு, அன்று பசிக்கின்றதா என்று மாத்திரம் கேட்கலாம்.

எனினும், வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, பயிற்சிக்குச் செல்லாதிருக்க நாள்தோறும் புதுப்புது நோய்கள் எனத் தொடருமாயின் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது. பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையோ வைத்தியரையோ தயக்கமின்றி நாடலாம்.