தடுப்பூசியும் கைபேசி இல்லாதவர்களும்

பதிவு என்னும் தடை

2021 மே 1 முதல் 18 வயது நிரம்பிய எல்லோரும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால் 45 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் இணையவழியாகப் பதிந்து, நேரம் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. விதி அவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை நிறைவேற்றும் வசதி ஒன்றாக இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21), 15–49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33.3 விழுக்காடு, ஆண்களில் 57.1. கிராமப்புறப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நான்கில் ஒருவர்தான். ஊசி மருந்து கையிருப்பில் இருந்த ஊரிலும் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வரிசையில் இடமில்லை என்பதே இதன் பொருள். மே 24 அன்று அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழி திறந்தது. மே 31ஆம் தேதியிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றமும் இணைய வசதியில் உள்ள இந்த இடைவெளியைக் குறிப்பிட்டுக் கேள்வி எழுப்பியது.

வேகமா, சமத்துவமா?

உயிர் போகும் நேரத்தில் யார் முன்னே, யார் பின்னே என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பார்கள். கூட்டத்தைத் தவிர்க்கவே முன்பதிவு என்றும் சொல்வார்கள். மருந்து பற்றாக்குறையாக இருந்த அந்த வாரங்களில் கூட்டத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் டோக்கனைக் கிராம சுகாதாரச் செவிலியரே கொடுத்திருக்கலாம். கூட்டத்தைக் கட்டுப்படுத்த இணையம்தான் வேண்டும் என்பதில்லை. வேகம் குறையும் என்ற வாதமும் நிற்கவில்லை. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் சுமார் 40,000 இடங்களில் முகாம் நடத்தி, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். அதற்குள் மருந்து வரத்து கூடியிருந்தது உண்மைதான். என்றாலும், மக்கள் இருக்கும் இடத்துக்கே போவது வேலையைத் தாமதப்படுத்தும் என்று அதன்பின் யாரும் சொல்ல முடியாது. விடுபட்டவர்களிடையே கிருமி தொடர்ந்து பரவும் என்பதால், அவர்களைச் சென்றடைவது தொற்றைத் தடுக்கும் பணியின் ஒரு பகுதியே.

யாரை எண்ணுகிறோம்?

கோவின் பதிவில் பிறந்த ஆண்டும் பாலினமும் கேட்டார்கள், வருமானம் கேட்கவில்லை. அதனால் எந்த மாவட்டத்தில் எத்தனை ஊசி என்பது தெரிந்தது, ஏழைகளில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பது தெரியவில்லை. பதிவைப் போலவே விலையும் ஒரு தடையாக இருந்தது. ஜூன் 21 முதல் தடுப்பூசியில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசே வாங்கி இலவசமாகக் கொடுத்தது. மீதி 25 விழுக்காடு தனியார் மருத்துவமனைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே அப்போது கோவிஷீல்டு தடுப்பூசிக்கு ஒரு தவணைக்கு 780 ரூபாய் வரை வசூலிக்க அனுமதி இருந்தது. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாத விலை. தடுப்பூசிப் பணி 2021 ஜனவரியில் தொடங்கியது; வீடு வீடாகப் போகும் நாடு தழுவிய இயக்கமோ நவம்பரில்தான் வந்தது. அடுத்த தொற்றின்போது அது தடுப்பூசிப் பணியின் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தனியே வாழும் முதியவர்கள், செங்கல் சூளைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரின் பட்டியலை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் இப்போதே எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு பதிவேடு போதும்.